பெர்த்திலிருந்து லண்டன்: நான்கு மாதம் 17 மணி நேரமான கதை



நமது சபையின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். நான் வரலாறு படித்தவள் அல்ல, நர்ஸ். நாகர்கோவில் பக்கத்தில் பிறந்து, இங்கிலாந்தில் நர்சிங் படித்து, சில ஆண்டுகள் அங்கேயே வேலை பார்த்து, பிறகு குடும்பத்தோடு இந்தப் பெர்த் நகருக்கு வந்து சேர்ந்தவள். ஆகவே எனக்குப் பழக்கமான ஒரு வழியைப் பற்றியே எழுதுகிறேன். பெர்த்துக்கும் லண்டனுக்கும் நடுவே எவ்வளவு தூரம், அதைக் கடக்க அன்று எத்தனை நாள், இன்று எத்தனை மணி நேரம் என்பதுதான் பொருள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். "அக்கா, ஊரில் அப்பாவுக்கு முடியவில்லை என்கிறார்கள். இப்போதே கிளம்பலாமா, இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாமா?" மருத்துவத்தைப் பற்றிய கேள்விபோலத் தோன்றினாலும், இது தூரத்தையும் நேரத்தையும் பற்றிய கேள்வியும்கூட. நம் முன்னோர் காலத்தில் இப்படி ஒரு கேள்வியே எழுந்திருக்காது. அது ஏன் என்பதை இந்த வழியின் வரலாறு சொல்கிறது.

நூல் பிடித்துப் பாருங்கள்

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைப் பெர்த்தில் வையுங்கள், மறு முனையை லண்டனில் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். அதுதான் இரண்டு ஊர்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய வழி. அதன் நீளம் ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். தட்டையான வரைபடத்தில் கோடு போட்டால் இது சரியாகத் தெரியாது. பூமி உருண்டை என்பதால் நூலில்தான் உண்மை தெரியும்.

இப்போது அந்த நூலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெர்த்தை விட்டதும் இந்தியப் பெருங்கடல், வேறொன்றும் இல்லை. பிறகு இலங்கை. கண்டிப் பக்கத்து மலைநாட்டின் மேலாக நூல் போகிறது. அடுத்து மன்னார் வளைகுடா. அதைத் தாண்டினால் மதுரை, திருப்பூர். அப்புறம் அரபிக்கடல், மேற்கு ஆசியா, ஐரோப்பா, லண்டன். நான் முதலில் இதை நம்பவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் நம்பினேன். பெர்த்திலிருந்து லண்டனுக்கு நேர்வழி நம் அப்பா அம்மா வீட்டுக் கூரைக்கு மேலாகப் போகிறது! மதுரை வரும்போது 6,150 கிலோமீட்டர் முடிந்திருக்கும், இன்னும் பாதி வழிகூட ஆகியிருக்காது. உண்மையில் விமானி காற்றையும் நாடுகளின் வான்வழி அனுமதியையும் பார்த்து இந்தக் கோட்டிலிருந்து விலகித்தான் ஓட்டுவார். ஆனாலும் கோடு அங்கேதான் இருக்கிறது.

இந்த 14,500 கிலோமீட்டர் என்றைக்கும் மாறியதில்லை. மாறியதெல்லாம் நேரம்தான்.

செய்தியும் மனிதரும் ஒரே கப்பலில்

ஸ்வான் ஆற்றங்கரையில் நூங்கார் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வந்தார்கள். 1829-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'பார்மேலியா' என்ற பாய்மரக் கப்பல், ஜேம்ஸ் ஸ்டிர்லிங்கையும் குடியேறிகளையும் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. மே மாதக் கடைசியில்தான் இந்தக் கரை அவர்கள் கண்ணில் பட்டது. ஏறத்தாழ நான்கு மாதம். கப்பலில் வந்த ஒருவர் தன் தாய்க்குக் கடிதம் எழுதினால் அது போய்ச்சேரப் பல மாதம், பதில் வர இன்னும் பல மாதம். தாய் இறந்த செய்தி கைக்கு வரும்போது கல்லறையில் புல் முளைத்திருக்கும். கிளம்பலாமா வேண்டாமா என்று யோசிக்க அங்கே இடமே இல்லை. கப்பல் ஏறிய நாளிலேயே பெற்றோரிடம் கடைசி விடையும் வாங்கியாகிவிட்டது.

நீராவிக் கப்பல்கள் வந்தன. 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டிய தேவை போயிற்று. சி. ஒய். ஓ'கானர் என்ற பொறியாளர் கட்டிய ஃபிரிமாண்டில் துறைமுகம் 1897-ல் திறக்கப்பட்டது. 1900 முதல் இங்கிலாந்துத் தபால் கப்பல்கள் ஆல்பனிக்குப் பதிலாக ஃபிரிமாண்டிலுக்கு வரத் தொடங்கின. அங்கிருந்து கிளம்பினால் ஒன்பது பத்து நாளில் கொழும்பு, ஒரு மாத அளவில் லண்டன். நான்கு மாதம் ஒரு மாதமானது.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. 1872-ல் கடலடித் தந்திக் கம்பி வழியாக ஆஸ்திரேலியா உலகத்தோடு இணைந்தது. 1877-ல் பெர்த் நகரமும் அந்த வலையில் சேர்ந்தது. செய்தி மணிக்கணக்கில் வந்து சேர்ந்தது. மனிதருக்கோ இன்னும் ஒரு மாதம் வேண்டியிருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். அதுவரை செய்தியும் மனிதரும் ஒரே கப்பலில்தான் பயணம் செய்தார்கள். தந்தி வந்த பிறகு செய்தி முந்திக்கொண்டது, மனிதர் பிந்திப்போனார். "தாய் கவலைக்கிடம்" என்று இன்று தெரியும், ஆனால் போய்ச்சேர ஒரு மாதம் ஆகும். தெரியாமல் இருந்த துக்கம் போய், தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற துக்கம் வந்தது. நம் ஊர்களில் தந்திக்காரர் சைக்கிள் மணி அடித்தாலே வீட்டில் அழுகை கிளம்பியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தியாவில் 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றுபோனது. அந்த வேலையை இப்போது நடு இரவில் ஒலிக்கும் கைபேசி செய்கிறது.

செய்திக்கும் நமக்கும் இடையில் விழுந்த அந்த இடைவெளியைக் குறைக்க மனிதர் பாடுபட்ட கதைதான் இந்த விமானப் பாதையின் கதை.

28 நாள்

1919-ல் ஆஸ்திரேலிய அரசு ஒரு போட்டி அறிவித்தது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாளுக்குள் முதலில் பறந்து வரும் ஆஸ்திரேலியருக்கு 10,000 பவுண்டு பரிசு. ராஸ் ஸ்மித், அவருடைய அண்ணன் கீத் ஸ்மித், மெக்கானிக்குகள் பென்னட், ஷியர்ஸ் ஆகிய நால்வரும் நவம்பர் 12 அன்று லண்டனுக்கு அருகே ஹவுன்ஸ்லோவிலிருந்து கிளம்பினார்கள். விக்கர்ஸ் விமி என்ற அந்த விமானத்துக்குக் கூரைகூடக் கிடையாது. பனியும் மழையும் முகத்தில் அடிக்கும். கெய்ரோ, கராச்சி, டெல்லி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று தாவித் தாவி வந்தார்கள். ஜாவா தீவின் சுரபயாவில் சக்கரங்கள் சேற்றில் புதைந்துபோயின. ஊர்மக்கள் தங்களிடம் இருந்த மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து தரையில் விரித்துப் பாதை போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பாய்களின் மேல் ஓடித்தான் விமானம் எழும்பியது. டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கினார்கள். 28 நாள்.

அதே போட்டியில் கிளம்பிய வேறு இரண்டு விமானங்கள் விழுந்து நான்கு பேர் உயிரிழந்தார்கள். வென்ற ராஸ் ஸ்மித்தும் பென்னட்டும் 1922-ல் வேறொரு விமானத்தைச் சோதித்துப் பார்க்கையில் இங்கிலாந்தில் இறந்துபோனார்கள். நாம் இன்று ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டு போகும் வழி இப்படித்தான் திறக்கப்பட்டது.

1935-ல் பிரிஸ்பேனிலிருந்து லண்டனுக்குப் பயணிகள் சேவை தொடங்கியது. பன்னிரண்டரை நாள். 1938-ல் நீரிலிருந்து எழும்பி நீரில் இறங்கும் பறக்கும் படகுகள் சிட்னியிலிருந்து கிளம்பின. பத்து நாள் அளவில் இங்கிலாந்து. பகலில் பறப்பார்கள், இரவில் ஏதோ ஓர் ஊரில் ஓட்டலில் தங்குவார்கள். சிங்கப்பூர், ரங்கூன், கல்கத்தா, கராச்சி என்று வழி போனது. பெர்த் இந்த வழியில் இல்லை. பெர்த்துக்கு வாய்ப்பு வந்தது ஒரு போரினால்.

இரண்டு சூரியோதயம்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தது, ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்குமான விமான வழி நின்றது. மீதமிருந்த வழி ஒன்றுதான். நான் முதலில் சொன்ன அந்த நூல்! பெர்த்திலிருந்து நேரே இலங்கைக்கு, நடுவில் எங்கும் இறங்காமல் 5,652 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கு இடைநில்லாத பயணிகள் சேவையை அதுவரை யாரும் நடத்தியதில்லை.

1943-ன் நடுவில் குவாண்டஸ் நிறுவனம் இதைத் தொடங்கியது. ஐந்து கட்டலினா கடல் விமானங்கள். ஒவ்வொன்றுக்கும் வழிகாட்டும் நட்சத்திரம் ஒன்றின் பெயர். பெர்த்தில் நெட்லண்ட்ஸ் அருகே ஸ்வான் ஆற்றிலிருந்து எழும்பி, இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் கொக்கல ஏரியில் இறங்கின. நாம் சனிக்கிழமை மாலைகளில் நடக்கப்போகும் அதே ஆற்றங்கரைதான்.

விமானம் முழுக்க எரிபொருள். மிஞ்சிய இடத்தில் மூன்றே மூன்று பயணிகள், 69 கிலோ தபால். எதிரி கேட்டுவிடக்கூடாது என்பதற்காக வானொலியில் பேச மாட்டார்கள். நட்சத்திரங்களை அளந்து பார்த்தே வழி கண்டுபிடிப்பார்கள். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவு. இங்கே ஃபிரீவேயில் கார் போகும் வேகத்தைப்போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். 27 மணி நேரம் ஆகும். எதிர்க்காற்று இருந்தால் 32 மணி நேரமும் தாண்டும். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்ப்பார்கள். ஆகவே பயணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்' என்ற பெயரில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். கொக்கலயில் இறங்கியவர்கள் கராச்சி வழியாக லண்டனுக்குப் போனார்கள்.

1945 ஜூலை வரை 271 முறை இப்படிக் கடலைக் கடந்தார்கள். ஒரு விமானமும் தொலையவில்லை, ஒரு பயணியும் இறக்கவில்லை. இதை எழுதும்போதே மனம் நன்றியால் நிறைகிறது. போர் முடிந்ததும், அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தப்படி அந்த விமானங்களைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை நம் ராட்னெஸ்ட் தீவுக்கு அப்பால் கிடக்கின்றன.

இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்குக் கொக்கல என்ற பெயர் புதிதல்ல. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. 1942 ஏப்ரல் 4 அன்று கனடாவைச் சேர்ந்த விமானி லெனார்ட் பர்ச்சால் அந்த ஏரியிலிருந்து எழும்பிப்போய், ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டு செய்தி அனுப்பினார். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு அன்று, கொழும்பில் குண்டு விழுந்தது. படைத்தளம் அமைப்பதற்காகக் கொக்கல மக்கள் தங்கள் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. வீட்டை விட்டு வெளியேறுவது எப்படிப்பட்டது என்று நம் சபையில் சிலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருவருக்கு வழி திறக்க, இன்னொருவர் வாசலைக் காலி செய்திருக்கிறார். அவர்களையும் நாம் நினைக்க வேண்டும்.

நாள் கணக்கு மணிக் கணக்கானது

1947 டிசம்பர் 1 அன்று 'கான்ஸ்டலேஷன்' விமானம் 29 பயணிகளோடு சிட்னியிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று இறங்கி ஏறி, நான்கு நாளில் போய்ச்சேர்ந்தது. போய்வரக் கட்டணம் 585 பவுண்டு. அன்றைய சாதாரணத் தொழிலாளியின் ஓராண்டுச் சம்பளத்தைவிட அதிகம். அவசரமாகப் போக வழி வந்துவிட்டது, ஆனால் பணக்காரருக்கு மட்டும். மற்றவர்கள் இன்னும் பல ஆண்டுகள் கப்பலில்தான் போனார்கள்.

1950-களின் கடைசியில் ஜெட் விமானங்களும் 1970-களில் ஜம்போ ஜெட்டுகளும் வந்தன. நேரம் ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதல் என்ற அளவுக்கு இறங்கியது. கட்டணமும் இறங்கியது. நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள் விமானம் ஏற முடிந்தது அதற்குப் பிறகுதான்.

பிறகு 2018 மார்ச் 24. அன்று மாலை பெர்த்திலிருந்து கிளம்பிய போயிங் 787 விமானம் எங்கும் இறங்காமல், 17 மணி நேரத்துக்குச் சற்று மேலாகப் பறந்து, மறுநாள் விடியற்காலை ஹீத்ரோவில் இறங்கியது. ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் இடைநிற்காமல் இணைத்த முதல் வழக்கமான சேவை அதுதான். 1829-ல் நான்கு மாதம், 2018-ல் 17 மணி நேரம்!

திரும்பி வரும்போது நேரம் சற்றுக் குறையும். ஏன் தெரியுமா, பிள்ளைகளே? உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலமான காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. லண்டனிலிருந்து வரும் விமானத்தை அது முதுகில் தட்டித் தள்ளிவிடும், போகும் விமானத்தையோ மார்பில் தடுக்கும்.

நர்ஸாக ஒரு சொல்லும் சொல்லிவிடுகிறேன். பழைய விமானங்களின் உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல இருக்கும், அதாவது ஊட்டியைவிட உயரத்தில் இருப்பதுபோல. 787-ல் அது 6,000 அடி அளவு. குன்னூரில் அல்லது நுவரெலியாவில் உட்கார்ந்திருப்பதுபோல. மூச்சுக்கும் தலைக்கும் இது நல்லது. ஆனால் கால்களுக்கு எந்த விமானமும் ஒன்றுதான். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. தண்ணீர் குடியுங்கள். பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். கர்ப்பிணிகளும், புதிதாக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் டிக்கெட் எடுக்கும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள்.

பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு சிறு பட்டியல்:

1829 – பாய்மரக் கப்பல், இங்கிலாந்து–ஸ்வான் ஆறு: ஏறத்தாழ 4 மாதம்
1900-க்குப் பின் – நீராவிக் கப்பல், ஃபிரிமாண்டில்–லண்டன்: ஏறத்தாழ ஒரு மாதம்
1919 – ஸ்மித் சகோதரர்கள், லண்டன்–டார்வின்: 28 நாள்
1935 – பிரிஸ்பேன்–லண்டன்: 12½ நாள்
1947 – சிட்னி–லண்டன்: 4 நாள்
2018 – பெர்த்–லண்டன், இடைநில்லாமல்: 17 மணி நேரம்

விமானம் இருந்தும் போக முடியாத நாட்கள்

இந்தப் பட்டியலைப் பார்த்து, தூரத்தை மனிதர் வென்றுவிட்டார் என்று நினைக்கத் தோன்றும். நமக்குத் தெரியும், அப்படி இல்லை என்று. 2020 மார்ச் மாதம் ஆஸ்திரேலியா எல்லையை மூடியது. குடிமக்களும் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களும் வெளியே போக அரசிடம் விலக்கு வாங்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தால் 14 நாள் ஓட்டலில் தனிமை. ஏப்ரல் மாதம் மேற்கு ஆஸ்திரேலியா மற்ற மாநிலங்களுக்கும் கதவை அடைத்தது. அது முழுதாகத் திறந்தது 2022 மார்ச் 3 அன்றுதான். பெர்த்–லண்டன் விமானம் 2022 மே மாதம் திரும்பி வந்தது.

ஏறத்தாழ இரண்டு ஆண்டு. அந்த நாட்களில் நம் சபைக் குடும்பங்கள் எத்தனை நல்லடக்கங்களைக் கைபேசியில் பார்த்தோம்! என் பெரியம்மாவின் அடக்க ஆராதனையை நானும் அப்படித்தான் பார்த்தேன். ஊரில் மாலை நான்கு மணி, இங்கே ஆறரை மணி. படம் நின்று நின்று வந்தது. பெட்டியை மூடும் நேரத்தில் சிக்னல் போய்விட்டது. மறுநாள் வார்டில், வெளிநாட்டில் இருக்கும் மகளோடு ஒரு வயதானவர் பேசுவதற்காக டேப்லெட்டை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். 1872-ல் விழுந்த அதே இடைவெளி. செய்தி ஒரு நொடியில் வந்தது, மனிதர் வர முடியவில்லை. விமானம் குறைந்தது என்பதல்ல காரணம், வழி அடைபட்டிருந்தது.

நோய் போனது, போர் வந்தது. 2024 ஏப்ரலில் மேற்கு ஆசியாவின் வான்வழி பாதுகாப்பாக இல்லாததால், பெர்த்–லண்டன் விமானம் சில காலம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு வேறு வழியாகப் போனது. 1942-ல் நடந்ததைப்போல, எங்கோ நடக்கும் சண்டை நம் வழியை நீட்டிவிடுகிறது. 17 மணி நேரம் என்பது நமக்கு எழுதிக் கொடுத்த உரிமை அல்ல. அமைதி இருக்கும்போது கிடைக்கும் ஒரு வசதி, அவ்வளவே.

அப்படியானால் எப்போது கிளம்புவது?

இப்போது, தொடக்கத்தில் நான் சொன்ன கேள்விக்கு வருகிறேன்.

நம்மில் பலர் போகவேண்டியது லண்டனுக்கு அல்ல; அந்த நூலின் நடுவில் இருக்கும் ஊர்களுக்கு. பெர்த்திலிருந்து சிங்கப்பூருக்கு 5 மணி நேரம், அங்கிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ கொழும்புக்கோ 4 மணி நேர அளவு. கணக்குப்படி ஒன்பது மணி நேரம்தான். ஆனால் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு எண்ணிப் பாருங்கள். லீவு கேட்க வேண்டும், டிக்கெட் கிடைக்க வேண்டும், விசா பார்க்க வேண்டும், சிங்கப்பூரில் காத்திருக்க வேண்டும், சென்னையில் இறங்கி இரவு ரயிலிலோ காரிலோ தெற்கே போக வேண்டும். ஒன்பது மணி நேரம் சுலபமாக இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். விமான நிறுவனம் சொல்வது வானத்தில் பறக்கும் நேரம் மட்டும்.

ஊரில் நமக்காக ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்பார்கள். "வெளிநாட்டு மகன் வரட்டும்" என்று நல்லடக்கத்தைத் தள்ளிவைப்பார்கள். அது அவர்கள் காட்டும் அன்பு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல ஆண்டுகளாகப் படுக்கையோரம் நின்று பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உங்கள் கை தன் கையைப் பிடித்திருக்கிறது என்று தெரிகிற நாளில் பெற்றோரைப் போய்ப் பாருங்கள். "இன்னும் பேசுகிறார், சாப்பிடுகிறார், ஆனால் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வருகிறார்" என்று வீட்டில் சொன்னால், பொறுக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லீவுக்கும் ஒரு டிக்கெட்டுக்கும் மட்டுமே வசதி இருந்தால், அதை அடக்கத்துக்காகச் சேர்த்து வைக்காதீர்கள். பேச்சு இருக்கும்போதே செலவழியுங்கள். பாஸ்போர்ட்டும் விசாவும் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் நீங்களே ஒருமுறை போனில் பேசுங்கள். உங்களைக் கலங்கவைக்கக் கூடாது என்று வீட்டார் சிலவற்றை மறைப்பார்கள்.

போக முடியாதவர்களும் நம்மில் இருக்கிறார்கள். விசா நிலை, வேலை, கைக்குழந்தை, பணம் என்று ஆயிரம் காரணம். அவர்கள் மனம் உடைய வேண்டாம். நான்கு மாதக் கடல் தூரத்தில் இருந்தவர்களும் பெற்றோரை நேசித்தார்கள். போன் இருக்கிறது, தினமும் பேசுங்கள். யாராவது அவசரமாக ஊருக்குக் கிளம்பினால், மற்றவர்கள் அவர்கள் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவருவதும், ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்தனுப்புவதும், விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுவிடுவதும் நம் சபையில் இத்தனை ஆண்டுகளாக நடந்து வருகிறது. சுரபயாவில் மூங்கில் பாய் விரித்தவர்கள் செய்ததும் இதைத்தான். யாரோ விரித்த பாயில் ஓடித்தான் யாரோ எழும்பிப் பறக்கிறார்கள்.

கடைசியாக, பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேலை. நம் வீடுகளில் பிறந்தநாளையும் திருமண நாளையும் குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் எழுதிவைப்பது வழக்கம். இந்த வாரம் தாத்தா பாட்டியிடமும் அப்பா அம்மாவிடமும் கேளுங்கள். முதன்முதலில் ஊரைவிட்டு எந்தத் தேதியில் கிளம்பினீர்கள்? எந்த வழியாக வந்தீர்கள்? எத்தனை மணி நேரம், எத்தனை நாள் ஆனது? விடை கொடுக்க வாசலில் நின்றவர்கள் யார்? சொல்வதை அதே பக்கத்தில் எழுதிவையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் இன்னும் வேகமாகப் பறப்பார்கள். தங்கள் வீட்டார் எவ்வளவு தூரம் வந்தார்கள் என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் அவர்களுக்குத் தெரியும்.

சபையார் அனைவருக்கும் ஆண்டு விழா வாழ்த்துகள். பயணம் போகிறவர்கள் சுகமாகப் போய்ச் சுகமாகத் திரும்பி வாருங்கள்.